மிளகுக்கொடி யாழ்ப்பாணத்தில நிலைக்குமோ? மண், தண்ணி, தாங்குமரம்

வேலியோரம்:
கோண்டாவில் பக்கம், செம்பாட்டு வளவு. மாத்தளையில இருந்து வந்த மிளகுக்கன்று மூண்டு பூவரசு வேலிக்குக் கீழ நிக்குது, நட்டு ஆறு மாதம். கொடி சாகேல்லை, ஆனால் ஏறவும் இல்லை. புதுசா வாற இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. கீழ் இலையின்ர நுனி மண்ணிறமாக் கருகுது. யூரியா போட்டும் ஒண்டும் நடக்கேல்லை. கிணத்துத் தண்ணிதான் ஊத்திறது.

இன்னொரு கேள்வி. மிளகு காட்டில தானா வளருற கொடிதானே, தோட்டத்துக் கன்றை விடக் காட்டுக்கொடிதான் எங்கட வெயிலைத் தாங்கும் எண்டு சொல்லுகினம். சிங்கராஜாப் பக்கம் இருக்காம். அதில ஒரு துண்டு எடுத்து வைச்சால் என்ன?

செம்பாடு:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்லுறன். புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையா நிண்டால் இரும்புக் குறை. தழைச்சத்துக் குறையெண்டால் கிழட்டு இலைதான் முதல்ல மஞ்சளாகும், நரம்பும் சேர்ந்து மங்கும். அதாலதான் யூரியா வேலை செய்யேல்லை. நுனி கருகிறது உப்பு. ரெண்டும் ஒரே கிணத்தில இருந்து வருது.

குடாநாட்டுக்குக் கீழ கிடக்கிறது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லுக்குள்ளால வாற தண்ணியில கல்சியமும் இருகாபனேற்றும் நிறைய. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது அதுதான். ஒவ்வொரு வாளியோடையும் அதைத்தான் கொடியின்ர காலடியிலயும் ஊத்திறியள். மிளகு கேட்கிற பீ.எச். (மண்ணின்ர புளிப்பைக் காட்டுற அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூட) 5.5 முதல் 6.5 வரை. எங்கட மண் 7க்கு மேல, கல்லுக்குக் கிட்டப் போகப் போக இன்னும் ஏறும். செம்பாடு சிவப்பா இருக்கிறதே இரும்பாலதான், ஆனால் அந்த பீ.எச்.இல இரும்பு கரையாது, வேருக்கு எட்டாது.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: பெரஸ் சல்பேற்று ஒரு லீற்றருக்கு 3 முதல் 5 கிராம், மழைத்தண்ணியில கரைச்சுப் பின்னேரத்தில இலையின்ர ரெண்டு பக்கமும் படத் தெளியுங்கோ. பத்து நாளைக்கு ஒருக்கால், மூண்டு தரம். கிணத்துத் தண்ணியில கரைச்சால் கொஞ்ச நேரத்தில கறள் நிறமாகி அடியில படியும், பிறகு அதைத் தெளிச்சுப் பிரயோசனமில்லை. மண்ணுக்குப் போடுறதெண்டால் ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு (இரும்பைக் கரைஞ்சபடி பிடிச்சு வைச்சிருக்கிற சேர்வை) வாங்குங்கோ, சின்னக் கொடிக்கு 5 கிராம் காணும். கடையில மலிவாக் குடுக்கிற ஈ.டி.ரி.ஏ. வகை பீ.எச். 6.5 தாண்டினால் இரும்பைக் கைவிட்டிடும். பைக்கற்றில எழுத்தை வடிவாப் பாருங்கோ. சரியானது தண்ணியில கருஞ்சிவப்பாக் கரையும்.

இது வைத்தியம் மட்டும்தான். தண்ணியை மாத்தாட்டி அடுத்த தளிரும் மஞ்சளாத்தான் வரும்.

பச்சைக்கணு:
காட்டுக்கொடி பற்றிய கேள்விக்கு. வெயிலைத் தாங்கும் என்பது நேர்மாறானது. மிளகின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்குக் குறையாத மழை, மேலே இரண்டு மூன்று அடுக்கு மரக்கூரை, கீழே மக்கிய இலைப்படுகை, புளிப்பான மண். இளங்கொடி அந்த அரை இருட்டில் தரையோடு ஊர்ந்து மரம் தேடும். அடிமரம் கிடைத்தவுடன் நிமிரும். ஒவ்வொரு கணுவிலும் குட்டையான பற்றுவேர்கள் வந்து பட்டையில் ஒட்டிக்கொள்ளும். மேலே வெளிச்சம் கண்ட பிறகுதான் பக்கக் கிளை விட்டுச் சரம் (பூவும் காயும் தொங்கும் காம்பு) பிடிக்கும். மொட்டை வெயிலில் அந்த இளம் பருவம் வேகாமல் தப்பாது.

இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், ஒரே கொடியில் மூன்று வகைத் தண்டு இருப்பதை அறியாமல்தான் பலர் தவறான துண்டை வெட்டுகிறார்கள். அடியிலிருந்து தரையில் ஓடுவது ஓடுதண்டு, கணுவிடை நீளமாக இருக்கும், நாற்றுக்கு இதுதான் வழக்கம். மரத்தில் ஏறுவது ஏறுதண்டு, கணுவுக்குக் கணு பற்றுவேர் இருக்கும். ஏறுதண்டிலிருந்து பக்கவாட்டில் நீள்வது காய்க்கும் கிளை, அதில் பற்றுவேர் இல்லை. காய்க்கும் கிளையை நட்டால் அது மரம் ஏறாது, புதராகவே நிற்கும்.

இனி காட்டிலிருந்து எடுப்பது. காட்டு மிளகில் பெரும்பாலும் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. தோட்ட வகைகளில் ஒரே பூவில் இரண்டும் இருப்பது மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததால் வந்தது. காட்டுத்துண்டு ஆணாக அமைந்தால் ஆயுள் முழுக்கப் பூக்கும், ஒரு மணி காய்க்காது. பெண்ணாக அமைந்து தனியே நின்றால் மகரந்தம் கிடைக்காது. மேலும் இலங்கைக் காடுகளில் "காட்டு மிளகு" என்று காட்டப்படுபவை பல, வேறு இனங்கள். பைப்பர் செய்லானிக்கம், பைப்பர் வாக்கெரி போன்றவை இந்தத் தீவுக்கே உரியவை, சமையலுக்கு வருபவை அல்ல. சிங்கராஜா 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள ஒதுக்கம். உள்ளே துண்டு வெட்டுவது சட்டப்படி குற்றம்.

சோளகம்:
அப்ப கடையில விக்கிற மிளகை முளைக்கப் போடலாமோ? அம்மம்மா சொல்லுவா முளைக்கும் எண்டு.

பச்சைக்கணு:
முளைக்காது. கொதிநீரில் போட்டோ வெயிலில் காய்ந்தோ வந்த மிளகில் முளை செத்திருக்கும். மிளகு விதை காயத் தொடங்கினாலே உயிர் போகும் வகை. சிவந்து பழுத்த மணியைக் கசக்கித் தோல் நீக்கி, நிழலில் மேல் ஈரத்தை மட்டும் உலர்த்தி, ஒரு கிழமைக்குள் மணலில் போட்டால் முளைக்கும். ஆனால் வரும் கன்று தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, காய்க்கவும் நெடுநாள் எடுக்கும். வீட்டுக்கு வேண்டியது தண்டுத் துண்டுதான்.

நாற்றுமேடை:
தண்டு எண்டால் நான் சொல்லுறன். நல்லாக் காய்க்கிற கொடியின்ர அடியில வாற ஓடுதண்டைத் தரையில ஓட விடாமல் ஒரு தடியில சுத்திக் கட்டி வையுங்கோ. தரையில பட்டால் கணுவுக்குக் கணு வேர் விட்டிடும், பிறகு அறுக்கேக்க வேர் கிழியும். நுனி இளசையும் அடி முத்தலையும் விட்டிட்டு நடுப்பகுதியை ரெண்டு மூண்டு கணுவா வெட்டுங்கோ. இலையை நறுக்குங்கோ, காம்பு நிக்கட்டும், அது தானா உதிரும். ஒரு கணு மண்ணுக்குள்ள, ஒரு கணு வெளியில.

பையில போடுற கலவையில மாட்டெரு கூடினால் துண்டு அழுகும். மேல்மண், கழுவின தும்புத்தூள், மக்கின எரு மூண்டும் சமன். நிழல் முக்கால்வாசி வேணும். பைகளுக்கு மேல மூங்கில் வளைச்சுத் தெளிஞ்ச பொலித்தீனால மூடி, அதுக்கு மேல கிடுகு. உள்பக்கம் எந்த நேரமும் வேர்த்து நிக்கோணும். மூண்டு நாலு கிழமையில வேர் வரும். தளிர் கண்ட உடன மூடியை முழுசா எடுக்காதேங்கோ. முதல் ஒரு கிழமை பின்னேரம் மட்டும் திறவுங்கோ, பிறகு ஒரு பக்கம், பிறகு முழுக்க. எங்கட காத்தில திடீரெண்டு திறந்தால் அடுத்த நாளே இலை சுருளும்.

வகை கேட்கிறவைக்கு: ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் வெளியிட்ட டிங்கி ராலா, கொஹுகும்புரே ராலா, பூட்டாவே ராலா மூண்டும் இலங்கைக் கலப்பு வகைகள். கேரளத்துப் பன்னியூர் 1 உலகத்தின் முதல் கலப்பின மிளகு, 1971இல வந்தது, சரம் நீளம், ஆனால் நிழல் கூடினால் காய் குறையும்.

கமுகஞ்சோலை:
தாங்குமரத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. பூவரசு மோசமில்லை, பட்டை சொரசொரப்பு, கோடையிலயும் இலை நிக்கும். ஆனால் என்ர எண்ணம் கமுகுதான். கமுகுக்கு எப்பிடியும் கோடையில தண்ணி விட்டே ஆகோணும், அந்தத் தண்ணியில கொடியும் பிழைக்கும். கமுகஞ்சோலைக்குள்ள காத்தும் அடிக்காது. மரம் அழுத்தம் எண்டதால முதல் வருசம் கணுவுக்குக் கணு தும்புக் கயித்தால தளர்வாக் கட்டோணும், அவ்வளவுதான் வேலை.

சோளகம்:
முருங்கையில விடுறவையும் இருக்கினமே. கெதியில வளரும், தடி நட்டால் காணும்.

கமுகஞ்சோலை:
முருங்கை வேண்டாம். மாரியில மயிர்க்கொட்டி அடிமரத்தில சாக்குப் போல அப்பிக் கிடக்கும், சனம் பந்தம் கொளுத்திச் சுடும். சுட்டால் கொடியும் போச்சு. சுடாட்டி வீட்டுக்குள்ள வரும். அதோட கொடி பாரம் ஏறின முருங்கை ஒரு காத்துக்கு முறியும்.

செம்பாடு:
சீமைக்கிளுவை, அதுதான் கிளிசரியா, தெற்கில மிளகுக்கு எல்லாரும் வைக்கிறது. இங்க ஒரு சிக்கல். வெட்டாமல் விட்டால் தை மாசியில இலை கொட்டிப் பூக்கும், எங்களுக்கு நிழல் தேவைப்படத் தொடங்கிற நேரம் மரம் மொட்டை. ஐப்பசி மழையோட கிளையைக் கழிச்சு விட்டால் புதுக் கிளை கோடை முழுக்க இலையோட நிக்கும். வெட்டின குழையைக் கொடியின்ர காலடியில மூடுங்கோ. பூவரசுக்கும் இதே கணக்கு: மாரியில வெளிச்சம் திறந்து விடு, கோடையில கத்தியைத் தொடாதே.

பனையில ஏத்தலாமோ எண்டு ஒருவர் தனிமடலில கேட்டவர். நிழலும் காணாது, மரமும் சூடு. கள்ளுச் சீவ ஏறுற பனையெண்டால் நினைச்சும் பாக்கக் கூடாது, ஏறுறவருக்குக் கால் வழுக்கும். சீமெந்துத் தூணிலயும் ஏத்தாதேங்கோ. பகல் முழுக்கச் சூடேறி நிக்கும், பற்றுவேர் கருகும்.

எந்த மரமெண்டாலும் கொடியை மரத்தின்ர வடகிழக்குப் பக்கம் வையுங்கோ. மத்தியானத்துக்குப் பிறகான வெயிலும் வைகாசியில தொடங்கிற சோளகக் காத்தும் மறுபக்கம்தான் அடிக்கும். மரத்தில இருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி நட்டு, சின்னத் தடியால சாய்ச்சுக் கொண்டு போய் மரத்தில சேருங்கோ.

வேலியோரம்:
விளங்குது. இருக்கிற கொடியளைக் கிளப்பித் திருப்பி நடுறதோ, அப்பிடியே விட்டிட்டு மண்ணைத் திருத்திறதோ? கந்தகம் போட்டால் பீ.எச். குறையும் எண்டு வாசிச்சனான்.

செம்பாடு:
முதல்ல மண்ணில வினாகிரி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோ. நுரைச்சுச் சீறினால் உள்ளுக்குள்ள சுண்ணாம்பு இருக்கு, கந்தகக் கதையை விடுங்கோ. கணக்கு இது: மண்ணில நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு இருந்தாலே ஒரு கிலோ மண்ணுக்கு 3.2 கிராம் கந்தகம் அதைக் கரைக்க மட்டும் போகும். அரை மீற்றர் நீளம், அகலம், ஆழமான குழியில கிட்டத்தட்ட 160 கிலோ மண். அரைக் கிலோ கந்தகம் போட்ட பிறகும் பீ.எச். அசையாது, சுத்தியுள்ள மண்ணும் கிணத்துத் தண்ணியும் திரும்பச் சுண்ணாம்பைக் கொண்டு வரும். சீறாத மண்ணெண்டால், உரும்பிராய் கோண்டாவில் மேல்மண்ணில அப்பிடிக் கிடைக்கும், குழிக்கு 100 கிராம் கந்தகத் தூளைக் குழையெருவோட கலந்து ரெண்டு மாதம் ஈரமா வைச்சிட்டு நடலாம். கந்தகத்தை அமிலமாக்கிறது மண்ணில உள்ள பக்டீரியா. ஈரமில்லாட்டி அது வேலை செய்யாது.

குழிக்குக் கீழ போறதை விட மேல எழும்பிறதுதான் எங்கட நிலத்துக்குப் பொருந்தும். மிளகு வேரின்ர பெரும்பங்கு மேல் அரை மீற்றருக்குள்ள. ஒரு மீற்றர் அகலத்தில முக்கால் முழம் உயரத்துக்கு மேடு கட்டுங்கோ: செம்பாட்டு மேல்மண் ரெண்டு பங்கு, மக்கின இலைகுழை ரெண்டு பங்கு, கழுவின தும்புத்தூள் ஒரு பங்கு. மாரியில வெள்ளம் நிக்கிறதுக்கும் இதுதான் மருந்து.

மேட்டில சேர்க்கக் கூடாத மூண்டு. அடுப்புச் சாம்பல், அது பீ.எச்.ஐ ஏத்தும். கடற்கரை மணல், மணற்காட்டு மணலா இருந்தாலும் சிப்பித்தூள் கலந்திருக்கும், வினாகிரி விட்டால் தானே காட்டிக் குடுக்கும். கழுவாத தும்புத்தூள், உப்பு நிக்கும். மூண்டு தரம் மழைத்தண்ணியில ஊறவிட்டுப் பிழிஞ்சு எடுங்கோ.

ஆடாதோடை:
கிணத்துத் தண்ணியில தேசிக்காய்ப் புளி விட்டால் சுண்ணாம்பு முறியும்தானே? பூக்கன்றுகளுக்குச் செய்யிறவை இருக்கினம்.

செம்பாடு:
வாளிக்குள்ள முறியும், அக்கா. இருகாபனேற்று காபனீரொட்சைட்டாப் பறக்கும், பீ.எச். இறங்கும். ஆனால் சிற்றிக் அமிலம் மண்ணில தங்காது. நுண்ணுயிர் அதைத் தின்ன, மிஞ்சிறது திரும்பவும் இருகாபனேற்றுத்தான். ரெண்டு மூண்டு தரம் அவசரத்துக்குச் செய்யலாம், கோடை முழுக்க அதை நம்பேலாது. தேசிக்காய் விக்கிற விலைக்கு மிளகை வாங்கலாம்.

சோளகம்:
அப்ப மழைத்தண்ணிதான். எவ்வளவு வேணும்?

செம்பாடு:
100 சதுர மீற்றர் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 100 லீற்றர் விழும். பீலியில சிந்திறதைக் கழிச்சாலும் 60 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர் தாங்கி நிரம்பும். ஐப்பசி கார்த்திகையில அது ரெண்டு நாள் மழை. வருச மழை 1,250 மில்லிமீற்றர் அளவில வந்தாலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூண்டு மாதத்தில கொட்டி முடியிறதுதான் எங்கட பிரச்சினை.

நிலத்தில நிக்கிற வளர்ந்த கொடிக்குக் கோடையில ரெண்டு நாளைக்கு 10 லீற்றர் எண்டு வைச்சால், எட்டு மாதத்துக்கு 1,200 லீற்றர். ஒரு தாங்கி நாலு கொடிக்கு. அவ்வளவுதான்.

தாங்கி பிளாஸ்ரிக்கா இருக்கட்டும். புதுச் சீமெந்துத் தொட்டியில நிக்கிற மழைத்தண்ணி சுண்ணாம்புத் தண்ணியாகிடும். சீமெந்துப் பூச்சாடிக்கும் இது பொருந்தும். தண்ணி நிரப்பி, மாத்தி மாத்தி ஒரு மாதம் வைச்ச பிறகுதான் மண் போடலாம். மண்சாடி எண்டால் ஒரு தொல்லையும் இல்லை.

கமுகஞ்சோலை:
எல்லாக் கிணறும் ஒண்டில்லை, செம்பாடு. வலிகாமத்துக்கு நடுவில கோடையிலயும் சவர்க்காத (உப்புக் கரிக்காத) கிணறுகள் இருக்கு. அங்க கமுகுக்குக் கீழ குழையெரு போட்டு வளர்த்தால் கொடி காய்க்கும். நீங்கள் சொல்லுறதைக் கேட்டால் ஒருத்தரும் நிலத்தில வைக்க மாட்டினம்.

செம்பாடு:
சவர்க்காத தண்ணியிலயும் சுண்ணாம்பு இருக்கு, ரெண்டும் வேற. ஆனால் கமுகுக்குக் கீழ வருசா வருசம் குழை விழுந்து மக்கின மண் இருந்தால் அது தாங்கும் எண்டதை ஒத்துக்கொள்ளுறன். குழையின்ர புளிப்புச் சுண்ணாம்போட மல்லுக்கட்டும். வெறும் வளவில அந்தப் படுகை இல்லை, வேலியோரம் கேட்டது வெறும் வளவுக்கு.

நாற்றுமேடை:
அப்ப சாடியில புதர்மிளகு வையுங்கோவன். இந்த ஊருக்கு அதுதான் தோது எண்டு அடிச்சுச் சொல்லுவன். தாங்குமரம் வேண்டாம், மண் உங்கட கையில, தண்ணி நாளுக்கு ஒரு லீற்றர். எட்டு மாதத்துக்கு 240 லீற்றர். மேல சொன்ன அதே தாங்கி இருபது சாடிக்குக் காணும்.

செய்யிற முறை. பச்சைக்கணு சொன்ன காய்க்கும் கிளையில ஒரு வருசம் முத்தினதா, மூண்டு முதல் ஐந்து கணு உள்ளதா எடுங்கோ. நுனி இலை ஒண்டை விட்டிட்டு மிச்சம் கிள்ளுங்கோ. ஐ.பி.ஏ. வேர்மருந்து 1,000 பீ.பீ.எம். கரைசலில அடிவெட்டை 45 செக்கன் தோய்ச்சு, ஈரத் தும்புத்தூள் போட்ட பொலித்தீன் பையில நட்டு, பையை ஊதி வாயைக் கட்டி நிழலில வையுங்கோ. தும்புத்தூள் கையால பிழிஞ்சால் ஒரு சொட்டும் விழக்கூடாது, ஆனால் உருண்டையாப் பிடிக்கோணும். 30, 40 நாளில வெள்ளை வேர் பையோட ஒட்டித் தெரியும். இந்தக் கிளை ஓடுதண்டு போல லேசில வேர் விடாது, பாதிக்குப் பாதி போகும் எண்டு எதிர்பார்த்து நடுங்கோ. மருந்தில்லாமல் நட்டால் இன்னும் மோசம்.

வேர் வந்ததை 10 கிலோ மண் கொள்ளுற சாடிக்கு மாத்துங்கோ. ஓட்டைக்கு மேல ஓட்டுத்துண்டு போடுங்கோ, சல்லிக்கல் வேண்டாம், அதுவும் சுண்ணாம்புக்கல்தான். ரெண்டு மாதத்துக்கு ஒருக்கால் வேப்பம் புண்ணாக்கு 30 கிராமும் கச்சான் புண்ணாக்கு 15 கிராமும் மேல்மண்ணைக் கிளறிப் போட்டு மூடுங்கோ. புண்ணாக்கை மேல சும்மா தூவினால் எறும்பும் பூஞ்சணமும்தான் மிச்சம். காலமை வெயில் ரெண்டு மணித்தியாலம், மிச்சம் நிழல். விறாந்தையின்ர கிழக்குப் பக்கம் நல்லம். புதரில இருந்து சில நேரம் பற்றுவேரோட ஒரு ஏறுதண்டு கிளம்பும். கண்ட உடன அடியோட வெட்டுங்கோ, விட்டால் சத்தை எல்லாம் அது இழுத்து, புதர் காய்க்கிறதை நிப்பாட்டிடும்.

ஆடாதோடை:
எங்கட வீட்டுச் சாடியில சரம் வருது, பிறகு பாதிச் சரம் மொட்டையா நிக்குது. இல்லாட்டி முழுசா உதிருது. பூச்சி ஒண்டும் காணேல்லை.

பச்சைக்கணு:
சரம் விறாந்தைக் கூரைக்குக் கீழே நிற்கிறதா? மிளகுப் பூவுக்குத் தேனீ பெரிதாகத் தேவையில்லை. சரத்தின் மேல்பகுதிப் பூவின் மகரந்தம் கீழ்ப்பூவுக்கு இறங்குவது ஈரத்தாலும் மழைத்துளியாலும்தான். கூரைக்குக் கீழ் அது நடக்காது. சூல்முடி (பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனி) வெள்ளையாக விரிந்து தெரியும் நாட்களில் காலையில் நுண்தெளிப்பானால் சரத்தை நனையுங்கள். வலிய பீச்சினால் பூ உதிரும். முழுச் சரமும் உதிர்வது வேறு காரணம்: பூத்தபின் இடையில் மண் காய்ந்திருக்கும்.

இங்கே காலக்கணக்கைக் கவனியுங்கள். வறட்சிக்குப் பின் வரும் முதல் மழைதான் மிளகைத் தளிர்க்கவும் பூக்கவும் தூண்டும். யாழ்ப்பாணத்தில் அது ஐப்பசி. பூவிலிருந்து முற்ற ஆறு முதல் எட்டு மாதம். ஆகவே மணி பருக்கும் காலம் முழுவதும் மாசி, பங்குனி, சித்திரை. கேரளத்தில் ஆனி மழையில் பூத்துத் தையில் பறிக்கிறார்கள், மணி பருக்கும்போது மண்ணில் ஈரம் இருக்கிறது. இங்கே வானம் கைவிட்ட பிறகுதான் மணி பருக்கவே தொடங்குகிறது. தாங்கித் தண்ணீரைப் பங்குனிக்கு முன் முடித்தால் கொடி சாகாது, ஆனால் மணி சப்பையாகும், உள்ளே பருப்பு இராது. பறித்த பிறகு, ஆடி ஆவணியில், தண்ணீரைப் பாதியாகக் குறைக்கலாம். அந்தச் சிறு வாட்டம் அடுத்த பூவுக்கு நல்லது.

வேலியோரம்:
நோய் ஏதும்? கார்த்திகையில பக்கத்து வளவில ஒரு கொடி ஒரு கிழமையில முழுசா வாடிச் செத்தது, இலை கறுத்து விழுந்தது.

நாற்றுமேடை:
அது விரைவாடல், பைற்றோப்தோரா எண்ட, பூஞ்சணம் போல ஒரு நுண்ணுயிர். வெள்ளம் நிண்ட மண்ணில பெருகும். மண்ணைத் தொடுற கீழ் இலையில கறுப்புப் பொட்டு வந்து, ஓரம் சிலும்பிச் சிலும்பிப் பரவும். அந்தக் கட்டத்தில பிடிச்சால் பிழைக்கும். அடித்தண்டு கறுத்து நாறினால் பிடுங்கி எரிக்கிறதுதான், அதே குழியில அடுத்ததை வைக்காதேங்கோ.

தடுப்புக்குப் போர்டோக் கலவை நூற்றுக்கு ஒரு வீதம், மழை தொடங்க முன்னம் ஒருக்கால், நடுமாரியில ஒருக்கால். 10 லீற்றருக்கு மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) 100 கிராம், நீற்றாத சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். ரெண்டையும் தனித்தனிப் பிளாஸ்ரிக் வாளியில ஐஞ்சு ஐஞ்சு லீற்றரில கரைச்சு, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள்ள கிண்டிக்கொண்டு ஊத்துங்கோ, மாறி ஊத்தாதேங்கோ. தீட்டின கத்தியை ஒரு நிமிசம் தோய்ச்சுப் பாருங்கோ. செம்பு நிறம் படிஞ்சால் இன்னும் சுண்ணாம்பு வேணும், அப்பிடியே தெளிச்சால் இலை கருகும். அண்டைக்கே தெளிச்சு முடியோணும், அடுத்த நாள் அது வெறும் சேறு. தரையோட கிடக்கிற ஓடுதண்டையும் மண்ணைத் தொடுற இலையையும் மாரிக்கு முன்னம் வெட்டி விடுங்கோ, நோய் ஏறுற ஏணி அதுதான்.

மெல்ல மெல்ல மஞ்சளாகி வருசக்கணக்காத் தேய்ஞ்சு போனால் வேரைப் பாருங்கோ. முடிச்சு முடிச்சா இருந்தால் வட்டப்புழு. புகையிலை, கத்தரி, தக்காளி நிண்ட தறையில அது பெரும்பாலும் இருக்கும், அந்த மண்ணைச் சாடிக்கு எடுக்காதேங்கோ.

ஆடாதோடை:
பறிக்கிற பருவத்தையும் சொல்லி விடுங்கோ. மருந்துக்கு எடுக்கேக்க பிஞ்சு மிளகு வந்து கழுத்தறுக்குது.

கமுகஞ்சோலை:
சரத்தில ஒண்டு ரெண்டு மணி மஞ்சளாகிச் சிவக்கேக்க முழுச் சரத்தையும் கிள்ளுங்கோ. மிச்சம் கரும்பச்சையா, நகத்தால அழுத்தினால் கடினமா இருக்கும். எல்லாம் பழுக்கட்டும் எண்டு பாத்தால் குருவிக்குத்தான் விருந்து. மணியை உதிர்த்து, கொதிச்ச தண்ணியில ஒரு நிமிசம் முக்கி எடுத்துப் பாயில பரவுங்கோ. கொதிநீர் பட்டால் தோல் ஒரே கறுப்பாக் கறுக்கும், கெதியிலயும் காயும். ரெண்டு நிமிசம் விட்டால் கறுக்கிற நொதியமே செத்து, மண்ணிறமா நிண்டிடும். எங்களுக்குப் பறிப்பு ஆனியை ஒட்டி வாறதால வெயிலுக்கும் காத்துக்கும் குறைவில்லை, மூண்டு நாலு நாளில காயும். கையில எடுத்துக் குலுக்கினால் கலகலக்கோணும், பல்லால கடிச்சால் பட்டெண்டு உடையோணும், நசியக்கூடாது. பச்சை மூண்டு கிலோவுக்குக் காய்ஞ்சது ஒரு கிலோ.

தண்ணியில போட்டால் முத்தினது தாழும், பிஞ்சும் சப்பையும் மிதக்கும். கடைமிளகில கலக்கிற பப்பாசி விதையும் மிதக்கும். மருந்துக்கு எண்டால் தாழ்ந்ததை மட்டும் எடுத்து உடன காய வையுங்கோ.

வேலியோரம்:
சரி. ஒரு கொடியைப் பூவரசுக்கு வடகிழக்கில மேடு கட்டி மாத்திறன், மற்ற ரெண்டும் சாடிக்கு. இது புரட்டாசி, இப்பவே கிளப்பலாமோ?

செம்பாடு:
பொறுங்கோ. மேட்டை இப்ப கட்டி நனைச்சு வையுங்கோ, குழை வேகட்டும். பச்சைக் குழைக்குள்ள வேரை வைச்சால் சூட்டில அவியும். கிளப்பிறது ஐப்பசியில ரெண்டு நல்ல மழை விழுந்த பிறகு, மூட்டமான நாளில, வேரைச் சுத்தி ஒரு சாண் மண்ணோட. கிளப்ப முதல்நாள், தண்டு மூண்டு முழத்துக்கு மேல நீண்டிருந்தால் மிச்சத்தை வெட்டி விடுங்கோ, இலை குறைஞ்சால் வாட்டம் குறையும்.

நாற்றுமேடை:
சாடிக்குப் போற ரெண்டும் ஓடுதண்டுக் கன்றுகள், புதராகாது. அதுக்குத் தும்புக்கயிறு சுத்தின ஒரு தடியை நடுவில நட்டு ஏத்துங்கோ. அதில பக்கக்கிளை வந்து ஒரு வருசம் முத்தின பிறகு அதை வெட்டித்தான் புதர்மிளகு செய்யலாம். மூண்டு முழத்துக்கு மேல வெட்டின துண்டுகளை எறியாதேங்கோ, கணுக்கணுவாப் பையில நடுங்கோ.

தாங்கியின்ர வாய்க்கு நுளம்பு வலை கட்டுங்கோ. மாரியில முதல் மழைத்தண்ணியைத் தாங்கிக்குள்ள விடாதேங்கோ, கூரையில கிடந்த தூசும் காக்கை எச்சமும் அதோடதான் இறங்கும்.